இரும்படிக்கிற சாமியின் இடது கால்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பூசுகிற கரணை பிடித்துக் காய்ப்பேறிய விரல்களுக்குள் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு எழுத்து பெரிதாகவும் ஒரு எழுத்து சின்னதாகவும் வருகிறது. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை.

வாசலூர்பட்டி ஏரியைத் தாண்டிப் போனால் ஒரு ரிசார்ட் இருக்கிறது. அதற்குள் வெள்ளையாக ஒரு கோயில் தெரியும். அது நம் ஊர்க் கோயில் இல்லை. கிரீஸ் நாட்டில் இருக்கிற ஒரு பழைய கோயிலைப் பார்த்து நாங்கள் சின்னதாகக் கட்டியது. உள்ளே ஒரு ஆண் சாமி, ஒரு பெண் சாமி. ஆண் சாமிக்கு இடது கால் கோணலாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள், சிலை செய்தவருக்குக் கால் செய்யத் தெரியவில்லை என்கிறார்கள். பூச்சு காய்வதற்குள் சாய்ந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. அந்தக் காலை நான்தான் கோணலாக்கினேன். தெரிந்தே, அளவெடுத்துச் செய்தேன். அவர்கள் நடுவில் போய் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த மலையில் ஆலத்தூர் நாட்டுக்காரன். கொத்தனார் வேலை செய்கிறேன். மழை விட்டால் கொஞ்சம் மிளகும் குச்சிக்கிழங்கும் பார்ப்பேன். என் மனைவியும் என்னோடு கட்டட வேலைக்கு வருவாள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசிவிடுவாள் என்று ஆட்கள் கேலி செய்வார்கள். உண்மைதான்.

ரிசார்ட் முதலாளி சேலத்துக்காரர். மனைவியோடு கிரீஸ் நாட்டுக்குச் சுற்றுலா போய் வந்தவர். அங்கே பழைய சந்தைத் திடலுக்கு மேலே ஒரு சின்னக் குன்றில் அந்தக் கோயிலைப் பார்த்தாராம். மற்ற கோயில்களெல்லாம் இடிந்து கிடக்க, இது மட்டும் தூணும் உத்தரமுமாக நிற்கிறதாம். செல்போனில் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும் கொத்தனாரே. நம்ம எடத்துக்குத் தகுந்தாப்பல சின்னதா" என்றார். நான் தலையாட்டினேன்.

வேலை தொடங்கிய அன்று மண்வெட்டியும் கடப்பாரையுமாக எட்டுப் பேர் நின்றோம். யாரும் குனியவில்லை. வரைபடத்தைக் கையில் வைத்திருந்த எஞ்சினியர் பெண்ணுக்குக் காரணம் புரியவில்லை. சேலத்திலிருந்து வந்த சின்ன வயசுப் பெண்.

"என்னாச்சுங்கண்ணா? நூல் புடிச்சாச்சு, தோண்டலாமே" என்றது.

என் மனைவி முன்னால் போனாள். "அம்மணி, எந்தச் சாமின்னு பேரு தெரியாம கோயிலுக்கு மண்ணு வெட்டுனா எங்க பக்கம் ஆகாதுங்க."

"இது கோயில் இல்லீங்க்கா. போட்டோ எடுக்கற எடம்."

"தூணு வெக்கறீங்க, கருவறை வெக்கறீங்க, உள்ள சாமியும் வெக்கறீங்க. அப்பறம் என்னுங்க கோயில் இல்லீங்கறது? உள்ள வந்து உக்காரப் போறவரு யாருன்னு சொல்லிப்போடுங்க. தோண்டறோம்."

எஞ்சினியர் பெண் சிரித்துவிட்டு மணல் குவியல் மேல் உட்கார்ந்தது. செல்போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னது. ஆண் சாமியின் பெயர் ஹெபைஸ்டஸ். பெண் சாமியின் பெயர் அதீனா.

"மொதப் பேரு வாயில நுழையல. அவருக்கு என்ன சோலி?"

"இரும்படிக்கறவருங்க்கா. மத்த சாமிங்களுக்கெல்லாம் வேலு, கேடயம், தேரு எல்லாம் அவருதான் அடிச்சுக் குடுக்கறது."

"அந்தம்மா?"

"துணி நெய்யறது, பானை செய்யறது, எல்லாக் கைவேலைக்கும் அவங்கதான் தெய்வம். சண்டைக்கும் அவங்கதான்."

"இத்தன வேலைக்கு எத்தன கை?"

"ரெண்டுதாங்க்கா."

"ஐயோ பாவம். எங்க எட்டுக்கை அம்மன் கிட்டக் கேட்டா ஒண்ணு ரெண்டு கைமாத்தா வாங்கிக்கலாம்." ஆட்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "புருசம் பொண்டாட்டிங்களா?"

"இல்லீங்க்கா."

"அப்பறம் எப்பிடி ஒரே ஊட்டுல?"

"அந்தக் கோயிலச் சுத்தி கொல்லுப்பட்டறையும் பானை சட்டி செய்யறவங்களும் இருந்தாங்களாம். வேலை செய்யற சனங்க சேந்து, ரெண்டு கைத்தொழில் சாமியையும் ஒண்ணா வெச்சுக் கும்பிட்டாங்க."

"அப்ப ஒரே எடத்துல வேலை செய்யறவங்க. எங்களாட்டம். சரி, நல்லது."

இன்னும் சில விஷயம் சொன்னது. அந்தக் கோயிலின் வாசல் கிழக்கே பார்த்தது. சனங்கள் உள்ளே போய்க் கும்பிடுவதில்லை. பலிபீடம் வெளியில், வாசலுக்கு எதிரே. ஆடு மாடு வெட்டிப் படைத்துப் பங்கு போட்டுச் சாப்பிடுவது எல்லாம் வெளியில்தான். சாமி உள்ளேயிருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்களுக்கு இதைக் கேட்டதும் மனசு ஆறிவிட்டது. எங்கள் ஊரிலும் பூசாரி மட்டும்தான் உள்ளே போவார். கிடாய் வெட்டும் பொங்கலும் வாசலுக்கு வெளியேதான். கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறதே என்று ஒருவர் சொன்னார்.

கடைசியாகத்தான் அந்தப் பெண் அதைச் சொன்னது. "அவருக்கு ஒரு காலு ஊனங்க. பொறந்ததும் அம்மாவுக்குப் புடிக்காம மலை மேல இருந்து கீழ வீசிட்டாங்களாம். அப்பா வீசினாருன்னு இன்னொரு கதை. அவரு நொண்டி நடக்கறதப் பாத்து மத்த சாமிங்கல்லாம் சிரிப்பாங்களாம்."

ஆட்களில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்காமல் இருந்தால் அதுவும் பார்க்கிற மாதிரிதான். நான் குனிந்து நூல் கயிற்றை எடுத்து, "சரி, புடிங்க" என்றேன். தோண்டத் தொடங்கினார்கள்.

என் இடது குதிகால் தரையில் படாது. பதினோரு வயதில் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறினேன். ஏணி நழுவியது. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய பள்ளிக்கூடம் தொலைவு. அதனால் படிப்பு அதோடு நின்றது. அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் குடும்பம் பூசாரிக் குடும்பம். அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன் ஊர்ச் சாமிக்குப் பூசை செய்ய வேண்டும். எனக்கு இருபத்துநாலு வயதாகும்போது அப்பாவுக்கு முடியாமல் போயிற்று. ஊர்க்காரர்கள் கூடினார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. "சாமியத் தொடறவனுக்கு அங்கம் பழுது இருக்கக் கூடாது. அது அந்தக் காலத்துல இருந்து வர்ற மொறை. நீ மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் "சரிங்க" என்றேன். பூசாரிப் பட்டம் தம்பிக்குப் போயிற்று. அவனுக்கு அப்போது பதினேழு வயது. அன்றிலிருந்து எங்கள் கோயிலில் நான் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கோயில் வேலை பல மாதம் நடந்தது. சிமென்ட் லாரி மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வர வேண்டும். மழை பெய்தால் வராது. முன்பக்கம் ஆறு தூண். பக்கத்துக்குப் பதின்மூன்று இருக்க வேண்டுமாம். இடம் போதாததால் ஏழாகக் குறைத்தார்கள். வாசலுக்கு எதிரே சின்னதாக ஒரு பலிபீடமும் கட்டினோம். அந்தத் தூண்கள் பார்க்க நேராகத் தெரியும், ஆனால் நேர் இல்லை. அடியில் பருத்து, மேலே போகப் போக ஒரு நூல் ஒரு நூலாக இளைத்து, நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் லேசாக உப்பியிருக்கும். தூண் முழுக்கக் குழி குழியாக வரி ஓடும். தகரத்தில் அச்சு வெட்டி, பூச்சு இறுகுவதற்குள் கீழிருந்து மேலே இழுத்து அந்த வரியை எடுத்தேன். முதல் தூணை மூன்று தடவை உடைத்தேன். நாலாவது தடவை வந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நேராகக் கட்டியே பழகியவனுக்கு, வேண்டுமென்றே நேரை விடுவது பெரிய பாடம். வளைவும் ஒரு அளவுதான் என்று அந்தத் தூண் எனக்குச் சொன்னது.

சிலைக்கு ஒரு பெரியவர் வந்தார். துறையூர்ப் பக்கத்துக்காரர். ஊர் ஊராகப் போய்க் கம்பி கட்டி, செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து ஐயனார், குதிரை, முனியப்பன் எல்லாம் செய்கிறவர். வேலை சுத்தம். வேலை முடியும்வரை யாரையும் பார்க்க விட மாட்டார். கருவறையைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு உள்ளேயே வேலை செய்தார்.

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தார்ப்பாயைப் பிரித்தார். முதலாளியும் வந்திருந்தார். அந்தம்மா தலைக்கவசமும் ஈட்டியுமாக நின்றாள். முகத்தில் நல்ல களை. பக்கத்தில் இரும்படிக்கிற சாமி. கூம்புத் தொப்பி, தாடி, முழங்கால்வரை வேட்டி போல ஒரு துணி, ஒரு தோள் திறந்தபடி, கையில் சம்மட்டி. இரண்டு காலும் இரண்டு தேக்கு மரம் மாதிரி நேராக இருந்தன.

முதலாளி கை தட்டினார். எஞ்சினியர் பெண் படத்தையும் சிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு காலு…" என்று இழுத்தது.

சிலைக்காரர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "படத்துல பாத்தேன் அம்மணி. ஊனமான செலையக் கருவறையில வெக்கக் கூடாது. ஒரு வெரலு ஒடஞ்சாலே எடுத்து ஆத்துல விட்டுப்போடுவோம். அது எந்த நாட்டுச் சாமியா இருந்தா என்ன? எங்கிட்ட வந்தவரு நல்லபடியா நிக்கட்டுமேன்னு நேராக்கிட்டேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஒரு வைத்தியர் நோயைக் குணமாக்கிவிட்ட சந்தோஷத்தில் சொல்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"காலு சரியில்லீங்க" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் முதலாளியிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க? நல்லாத்தானே இருக்குது?" என்றார் முதலாளி.

"நல்லா இருக்கறதுதானுங்க சரியில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பிறகு, "கல்யாணச் சோடிங்க வந்து போட்டோ எடுக்கற எடம் கொத்தனாரே. நொண்டிச் சாமிய வெச்சா எவன் வருவான்?" என்றார். சொன்ன பிறகுதான் என் காலைப் பார்த்தார். "உன்னச் சொல்லல."

"தெரியுங்க" என்றேன்.

அவர் கார் ஏறிப் போய்விட்டார். அன்று மத்தியானம் முழுக்க எனக்கு அதே யோசனைதான். எங்கள் ஊர் முறையை நான் மீறியதில்லை. ஆனால் இது எங்கள் ஊர்ச் சாமி இல்லை. கால் கோணலாக இருந்தும், சிரித்தவர்களுக்கே ஆயுதம் அடித்துக் கொடுத்து, தனக்கென்று ஒரு கோயிலும் வாங்கிய சாமி. அவரைக்கூடக் காலை நேராக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றால் என்ன நியாயம்? அந்தக் கால் சரியாகாமல் இந்த வேலையை விட்டு இறங்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒருவர் செய்த வேலையில் இன்னொருவர் கேட்காமல் உளி வைக்க மாட்டோம். அது எங்கள் தொழில் மரியாதை. மறுநாள் காலையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு சிலைக்காரர் முன்னால் போய் நின்றேன். நீட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"எங் கையால ஊனம் செய்ய மாட்டேன் சாமி. அது என்னால ஆகாது" என்றார்.

"நீங்க செய்ய வேண்டாமுங்க."

வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார். "இந்தப் பக்கமா காத்து நல்லா வருது. நான் சித்தெ இங்கயே உக்காந்துக்கறேன்" என்றார். அதுதான் சம்மதம்.

உளியை எடுத்துவிட்டேன். ஆனால் எப்படி வளைப்பது என்று தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்தக் காலோடு நடக்கிறேன். ஒருநாளும் அதை நான் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால் தலை சீவுவேன், அவ்வளவுதான். என் மனைவி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"மணல்ல நடங்க, பாக்கலாம்" என்றாள்.

"சும்மா இரு."

"நடங்கன்னா. வேட்டிய மேல மடிச்சுக் கட்டுங்க. நாங் கட்டிக்கிட்டு வந்த காலுதான அது, நாம் பாக்காததா?"

ஈர மணலைச் சலித்துப் பரப்பினாள். நான் நடந்தேன். ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கலவை போட்டார்கள். வலது கால் தடம் முழுசாக விழுந்தது. இடது காலுக்கு விரலும் முன்பாதமும் மட்டும் ஆழமாகப் பதிந்து, குதிகால் இடத்தில் ஒன்றும் இல்லை. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் குனிந்து அந்தத் தடத்தை ஒரு குச்சியால் அளந்தாள். பிறகு எழுந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், சுவர் மட்டம் பார்க்கிற மாதிரி.

"காலை மட்டும் கோணலாக்குனாப் பத்தாது. நீங்க நிக்கறப்ப வலது தோளு கீழ எறங்கும், இடது தோளு மேல தூக்கும். இடுப்பு ஒரு பக்கம் தள்ளும். தலை மட்டும் நேரா நிக்கும். அதையும் செய்யோணும். இல்லாட்டி ஒடஞ்ச செலையாட்டம் இருக்கும், நடக்கறவராட்டம் இருக்காது."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இவள் இதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. "வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க. கலவை எறுகிப்போகும்" என்றாள்.

நாலு நாள் வேலை. இடுப்புக்குக் கீழே பூச்சைக் கொத்தி எடுத்துக் கம்பி தெரியும்வரை போனேன். கம்பியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பினேன். இரண்டு பேர் தொங்கினார்கள். அசையவில்லை. மூன்றாவது ஆளும் தொங்கினார். முழங்காலில் கொஞ்சம் மடங்கி, பாதம் வெளியே திரும்பி, குதிகால் மூன்று விரல் உயரம் எழும்பியது. அதற்குமேல் ஒரு நூல்கூடப் போக விடவில்லை. பிறகு தோள். வலது தோளைக் கொத்தி இறக்கினேன். துணி மடிப்பு புதுக் காலுக்குத் தகுந்த மாதிரி விழ வேண்டும். அதற்கு மட்டும் ஒரு நாள் ஆனது. சம்மட்டியைத் தரையில் ஊன்றி அதில் கொஞ்சம் சாய்ந்து நிற்கிற மாதிரி வைத்தேன். ஒவ்வொரு நாளும் நானே எதிரே நின்று அளந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டாவது நாள் கூச்சம் போய்விட்டது. மூன்றாவது நாள், ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்த சிலைக்காரர் திரும்பாமலேயே, "கெண்டைக்கால் சதைய மெலிசாக்கு. உழைக்காத காலு சூம்பித்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி.

முதலாளியைக் கேட்காமல் செய்தது தப்புதான். அவர் வந்து பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"யாரு செஞ்சது இத?"

"நானுங்க."

"யாரக் கேட்டுச் செஞ்ச? நான் வேண்டாம்னு சொன்னனா இல்லியா? இதெல்லாம் யாரு நேராக்கறது இப்ப?"

கரணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, இது அவரு கோயிலுங்க. அவரு ஊட்டுக்கு அவரு காலோட வரட்டுமுங்க. புடிக்கலீன்னா ஒடச்சுப்போடுங்க. நேராக்கறதுக்கு மட்டும் என்னக் கூப்படாதீங்க. நான் வர மாட்டேன்."

அவ்வளவுதான் பேசினேன். அதற்குமேல் வரவில்லை. வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்று ஆட்கள் பயந்து போயிருந்தார்கள். அப்போது எஞ்சினியர் பெண் மெதுவாக முன்னால் வந்தது.

"சார், ஒண்ணு சொல்லணும். அந்தக் காலத்துல ஏதென்ஸ் ஊர்ல ஒரு சிற்பி இந்தச் சாமியச் செஞ்சிருக்காரு. நிக்கற நெலையில, துணிக்குள்ள லேசா அந்த நொண்டல் தெரியற மாதிரி. அசிங்கமா இல்லாம, அவருக்கே உரிய அடையாளம் மாதிரி இருந்துச்சுன்னு பாத்தவங்க புகழ்ந்து எழுதி வெச்சிருக்காங்க. இவரு செஞ்சிருக்கறது கிட்டத்தட்ட அதேதான் சார். நான் இவருக்குச் சொல்லவே இல்ல."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். முதலாளி சிலையை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "என்னமோ பண்ணுங்க போ. வர்றவங்க ஏதாச்சும் கேட்டா நீயே வந்து பதில் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. ரிப்பன் வெட்டினார்கள். நான் பின்னால் நின்றேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது, இடது காலை மறைத்து ஒரு பெரிய சிமென்ட் தொட்டியில் குரோட்டன் செடி வைத்திருந்தார்கள். முதலாளி சொல்லி வைத்ததாம். நான் தொட்டியை ஓரமாக நகர்த்தினேன். அடுத்த வாரம் திரும்பவும் காலுக்கு முன்னால் இருந்தது. திரும்பவும் நகர்த்தினேன். தோட்டக்காரரும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் வைப்பார், நான் நகர்த்துவேன்.

இன்று தம்பி வந்தான். அண்ணன் கோணக்கால் சாமி செய்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு. பொங்கல் விடுமுறைக் கூட்டம் இன்னும் குறையவில்லை. படியில் எல்லோரும் பூட்ஸ் காலோடு ஏறி இறங்கினார்கள். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றான்.

"அண்ணா, நான் உள்ள போலாமுங்களா?"

"நீ பூசாரி. எங்கிட்டக் கேக்கற?"

"அங்கதானுங்க நான் பூசாரி. இது உங்க கோயிலுங்க. உங்களத்தான் கேக்கோணும்."

முன்னால் நடந்தேன். அவன் பின்னால் வந்தான். அந்தம்மாவைப் பார்த்தான். சாமியைப் பார்த்தான். இறங்கிய தோளையும் சம்மட்டியையும் பார்த்துக்கொண்டே கண்ணைக் கீழே கொண்டுவந்தான். செடி மறைத்தது.

"இது எதுக்குங்க இங்க?"

"காலு தெரியக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க."

பக்கத்தில் ஒரு சோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அன்னைக்கு ஊரு கூடுனப்ப நானும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமுங்கண்ணா."

"உனக்குப் பதினேழு வயசு. நீ பேசுனா யாரு கேட்டிருப்பாங்க?"

"கேக்காட்டிப் போறாங்க. பேசியிருக்கலாம்."

மேல்துண்டை இடுப்பில் கட்டினான். குனிந்து தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். "புடிங்கண்ணா. ஓரமா வேண்டாம், வெளியவே கொண்டுபோயிருவோம். செடிக்கு வெயிலு வேணுமில்ல."

இரண்டு பேரும் தூக்கினோம். நல்ல கனம். படியில் இறங்கும்போது என் நடைக்குத் தகுந்த மாதிரி அவனும் நின்று நின்று கால் வைத்தான். தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பலிபீடத்துக்குப் பக்கத்தில், வெயில் விழுகிற இடத்தில் இறக்கி வைத்தோம்.

நாளைக்கு அது திரும்பவும் உள்ளே போயிருக்கலாம். முதலாளி சொன்னால் தோட்டக்காரர் என்ன செய்வார், பாவம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். உள்ளே இருந்தால் வெளியே தூக்குவோம். அதற்கடுத்த வாரமும் தூக்குவோம்.

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.